தேகத்தில் பதுங்கியிருக்கும் நுண்புழுவும் ஸ்டீராய்டு மருந்துகளும்

(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



பயிர்க்கடன், தவணை, உரப் பங்கீடு, பொதுச்சபைத் தீர்மானம் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் பேசியறியாத இலாகாவைச் சேர்ந்த ஒருவன், வியாதியைப் பற்றிப் பேச ஏன் எழுந்து நிற்கிறான் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். யான் வைத்தியனல்லன். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் தேறி, கணக்குத் தணிக்கையிலேயே காலத்தைக் கழித்து வருபவன். ஆயினும், தவணை தவறிய கடன்களின் காரணத்தை விசாரிக்கப் புகுந்தால், மழையும் விலையும் ஒரு பாதியாகவும், வீட்டில் நேர்ந்த வியாதி மற்றொரு பாதியாகவும் இருப்பதை இந்த இலாகாவில் உள்ள எவரும் அறிவர். ஆகையால் வைத்திய சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள் எழுதியவற்றைப் படித்தும், டாக்டர்களை அடுத்துக் கேட்டும் யான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன். வெறுங்காலுடன் மண்ணில் இறங்கி உழைக்கும் ஒவ்வொருவருக்கும் இது சம்பந்தப்பட்டது. அதிலும், ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய் முதலியவற்றுக்காக மருந்துண்பவர் வீட்டில் இருந்தால், அவர் உயிரோடு சம்பந்தப்பட்டது.

நாடாப்புழு, நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு என்று குடலில் வாழும் புழுக்கள் பலவற்றை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் இன்று சொல்லப்போவது இவற்றைப் போல் பேர் பெற்றதன்று. உருளைப்புழுக்களின் இனத்தைச் சேர்ந்த இதனை வைத்தியர்கள் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்பர். அப்பெயர் நம் நாவில் எளிதில் வராதாகையால், பேச்சின் வசதிக்காக நுண்புழு என்றே வழங்குகிறேன். வளர்ந்த புழுவே இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் நீளந்தான். தலைமயிரை விட மெல்லியது. 1876-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துத் தூலோன் துறைமுகத்தில், கொச்சின்-சைனா என்று அப்போது வழங்கிய தென் வியட்நாமிலிருந்து ஓயாத பேதியோடு திரும்பிய சிப்பாய்களின் மலத்தை லூயி நார்மாண் என்னும் டாக்டர் பூதக்கண்ணாடியில் சோதித்தபோது இது முதன்முதல் கண்ணுக்குப் பட்டது. பெயர் புதிதே யொழியப் புழு நம் மண்ணுக்குப் புதிதன்று. உஷ்ணமும் ஈரமும் சேர்ந்துள்ள தேசங்களிலெல்லாம் அது உண்டு. 2017-ஆம் வருஷத்துக்கென்று போட்ட மதிப்பின்படி, உலகில் 60 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் இதைத் தேகத்தில் சுமந்திருக்கின்றனர்.

அது உட்புகும் வழியைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். வெட்டவெளியில் கழிக்கப்பட்ட மலத்திலிருந்து இளம்புழுக்கள் மண்ணில் இறங்குகின்றன. ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் சில நாட்களுக்குள் அவை தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றன. வெறுங்கால் அம்மண்ணில் பட்டால், விரலிடுக்கிலோ பாதத்தின் பக்கத்திலோ துளைத்து உட்சென்று, இரத்த ஓட்டத்தின் வழியாக நுரையீரலை அடைந்து, அங்கிருந்து மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, நாம் எச்சிலை விழுங்கும்போது வயிற்றுக்குட் போய், சிறுகுடலின் சுவரில் குடியேறுகின்றன. குடலில் வசிப்பவை பெண்புழுக்களே. ஆண்துணையின்றியே முட்டையிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. இதுவரையில் கொக்கிப்புழுவின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இதற்குமேல்தான் வித்தியாசம். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி மண்ணில் விழுந்தாலன்றிக் குஞ்சு உண்டாகாது. ஆகவே ஒருவன் மண்ணில் கால் வைப்பதை விட்டுவிட்டால், உள்ளிருக்கும் கொக்கிப்புழுக்கள் தம் ஆயுள் முடிந்து சில வருஷங்களில் ஒழிந்துபோகும். நுண்புழுவின் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகிறது. அவ்விளம்புழுக்களிற் பெரும்பாலானவை மலத்தோடு வெளியேறினாலும், சில வெளியேறுமுன்னரே துளைக்கும் பருவத்தை அடைந்து, அதே மனிதனுடைய குடற்சுவரையோ ஆசனவாய்ப் பக்கத்துத் தோலையோ துளைத்து மீண்டும் உட்புகுந்து, நுரையீரல் வழியாகப் பழையபடி குடலுக்கு வந்து சேர்கின்றன. பழைய கடனைப் பணமாகக் கட்டாமல், அதே தினத்தில் புதுக்கடன் எழுதி அதை வரவு வைத்துத் தீர்க்கும் சிலருடைய கணக்குகளை நாங்கள் தணிக்கையில் காண்பதுண்டு. ஏட்டின்படி பழைய கடன் தீர்ந்துபோயிருக்கும். உண்மையில் கடன் ஒருநாளும் தீர்ந்திராது. இப்புழுவின் கணக்கும் அத்தகையதே. புழு ஒவ்வொன்றும் சாகும்; வம்சமோ சாகாது. வெளியிலிருந்து புதிதாக ஒரு புழுவும் வராமலே, ஒருவர் தேகத்தில் அது முப்பது, நாற்பது வருஷம், ஏன், ஆயுள் முடியும் வரை தங்கிவிடக்கூடும்.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறேனென்று எண்ண வேண்டாம். இரண்டாவது மகாயுத்தத்தில், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியர் தம்மிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சயாமுக்குக் கொண்டுபோய், பர்மாவரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையைப் போடும்படி செய்தனர். காட்டில் மழையிலும் சேற்றிலும் வெறுங்காலோடு அவர்கள் உழைத்தனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. யுத்தம் ஓய்ந்ததும் உயிரோடு மிஞ்சியவர்கள் இங்கிலாந்து சென்று, அக்குளிர் தேசத்தில் சப்பாத்து அணிந்து, கக்கூஸ் உள்ள வீடுகளில் வாழ்ந்தனர். பல வருஷங்கள் கழித்து, லிவர்ப்பூல் நகரத்து உஷ்ணப் பிரதேச வைத்தியக் கலாசாலையார் அவர்களை அழைத்துச் சோதித்து வந்தனர். 2004-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, சோதிக்கப்பட்ட 2072 பேரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் இந்த நுண்புழு இருந்தது. சயாம் மண்ணில் காலில் ஏறிய புழுவின் வம்சம், இங்கிலாந்தின் பனியிலும் அவர்களோடேயே குடியிருந்தது.

அந்த ரயில்பாதையில் உழைத்தவர் வெள்ளைக்காரர் மட்டுமல்லர். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே கொண்டு செல்லப்பட்டு, வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையாயினர். சிப்பாய்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, பென்ஷன் இருந்தது, அழைத்துச் சோதிக்க ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. நம்மவர்க்கு முழுப் பெயர்ப்பட்டியல் கூட இல்லை. அவர்களுள் திரும்பி வந்தவர் தோட்டத்துக் குடிசைகளுக்கே திரும்பினர்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். 2022-ஆம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் வசிக்கும் வயது வந்தோர் 2351 பேருடைய இரத்தம் சோதிக்கப்பட்டது. 768 பேரிடம், அதாவது மூவரில் ஒருவரிடம், இப்புழுவின் அடையாளம் காணப்பட்டது. விவசாயக் கூலிகளிடத்தும், வெட்டவெளியில் மலஜலம் கழிப்போரிடத்தும் அது அதிகமாயிருந்தது. இரத்தப் பரிசோதனை சில சமயம் பழைய தொற்றையும் காட்டுமாகையால், எண்ணிக்கையைச் சிறிது குறைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. அப்படிக் குறைத்தாலும் மிஞ்சுவது சிறு தொகையன்று. அது நமது இரு ஜில்லாக்களில் எடுத்த கணக்கன்று. ஆனால் திருமானூர், தா.பழூர் பக்கத்தில் கொள்ளிடக்கரை நாற்றங்காலில் இறங்கும் காலும், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும் காலும், ஜயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் காலும் வெறுங்கால்தானே? பருத்தி விளையும் கரிசல் பூமி வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும்போது இளம்புழு பிழைப்பது கடினம். மழைக்காலத்து வரப்பும், வாய்க்காற்கரை மரநிழலும் அப்படியல்ல. அவ்விடங்களைத்தானே நம்மவர் காலைக்கடனுக்குத் தேடிப்போகிறார்கள்!

மூவரில் ஒருவரிடம் இருக்கிறதென்றால், எல்லோரும் ஏன் படுக்கையில் விழவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேகத்தின் எதிர்ப்புச்சக்தி சரியாயிருக்கும்வரையில், அது புழுவைக் கொல்லாவிட்டாலும் பெருகவொட்டாமல் அடக்கி வைத்திருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சிலருக்கு மேல்வயிற்றில் எரிச்சல், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல் உண்டாகும். சிலருக்குத் தொடையிலோ பிருஷ்டபாகத்திலோ சிவந்த கோடொன்று தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்குச் சில அங்குலம் நகர்ந்து, பின் மறையும்; தோலுக்கடியில் புழு ஊர்ந்து போகும் தடம் அது. இளம்புழு நுரையீரலைக் கடக்கையில் வறட்டு இருமலும் இழுப்பும் வரலாம். இரத்தத்தை எண்ணிப் பார்த்தால் ஈஸினோபில் என்னும் அணுக்கள் மிகுந்திருக்கும். ‘எனக்கு ஈஸினோபீலியா’ என்று சொல்லிக்கொள்வோர் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் இப்புழு உண்டென்று நான் சொல்லவில்லை. வேறு காரணங்களாலும் அவ்வணுக்கள் மிகும். ஆயினும் மண்ணில் உழைக்கும் ஒருவருக்கு அந்த எண்ணிக்கை மிகுந்திருந்தால், புழுவையும் ஒரு காரணமாக எண்ணிச் சோதிப்பது அவசியம்.

இனி என் பிரசங்கத்தின் முக்கியமான பாகத்துக்கு வருகிறேன்.

ஸ்டீராய்டு என்னும் ஒருவகை மருந்து உண்டு. பிரட்னிசோலோன், டெக்ஸாமெதசோன் முதலியவை அவ்வகையைச் சேர்ந்தவை. அம்மருந்தை நான் நிந்திக்க வரவில்லை. மூச்சு முட்டும் ஆஸ்துமாக்காரரை எழுப்பி உட்கார வைப்பது அது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு அது கெடாமல் காப்பது அது. முடக்குவாதத்தில் கைவிரல் மடங்காதவருக்கும், குஷ்டரோக மருந்துண்ணுகையில் நரம்பு வீங்கியவருக்கும் அது பெரிய உபகாரம் செய்கிறது. ஆனால் அது வேலை செய்வது தேகத்தின் எதிர்ப்புச்சக்தியை அடக்குவதன் மூலமே. காவலாளியின் கையைக் கட்டிவிட்டால், அவன் அதுவரை மடக்கி வைத்திருந்த திருடன் என்ன செய்வான்? அம்மருந்து புழுவின் வளர்ச்சியையே நேராகத் தூண்டிவிடுகிறதென்றும் வைத்தியர் சிலர் கருதுகின்றனர். எக்காரணத்தாலாயினும், சிலவாயிருந்த இளம்புழுக்கள் பதினாயிரக்கணக்கிலாகி, ஏககாலத்தில் குடற்சுவரைத் துளைக்கத் தொடங்குகின்றன.

அப்போது நேர்வதைக் கவனியுங்கள். குடலிலுள்ள மலக்கிருமிகள் புழுவின் மேனியில் ஒட்டிக்கொண்டும், அது துளைத்த வழியே கசிந்தும் இரத்தத்தில் கலக்கின்றன. கடுஞ்சுரம் காண்கிறது, இரத்த அழுத்தம் விழுகிறது. நுரையீரலில் புழுக்கள் நிறைந்து மூச்சுத் திணறலும், இரத்தம் கலந்த சளியும் உண்டாகின்றன. சிலருக்கு மூளைவரை சென்று மூளையுறைச் சுரம் வருகிறது. வயிற்றைச் சுற்றிக் கன்றிய புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. இந்நிலையில் தக்க சிகிச்சை கிடைக்காவிடில் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. கிடைத்தவர்களிலும் பலர் மாளுகின்றனர். இதில் பெரிய மோசம் யாதெனில், அதுவரை மிகுந்திருந்த ஈஸினோபில் அணுக்கள் ஸ்டீராய்டினால் குறைந்து போய்விடுவதால், சந்தேகிப்பதற்கு இருந்த ஒரு தடயமும் மறைந்துவிடுகிறது. ஆஸ்துமா முற்றியதென்றும், நிமோனியா என்றும் எண்ணி, மேலும் ஸ்டீராய்டைக் கூட்டினால், எரிகிற நெருப்பில் எண்ணெயை வார்த்ததாகும்.

நம் ஊர் விவசாயி ஒருவரை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயது, இருபது வருஷமாக நடவுக்கும் களைக்கும் வெறுங்காலோடு இறங்குபவர். புழு உள்ளே நுரையீரலைக் கடப்பதனால் இருமலும் இழுப்பும் வருகின்றன. அக்கம்பக்கத்தார் ஈஸினோபீலியா என்கிறார்கள். தெரிந்த ஒருவர் ஊசி போடுகிறார், அல்லது கடையில் சின்ன மாத்திரை வாங்கித் தருகிறார்கள். இரண்டே நாளில் இழுப்பு நின்று, பசி எடுத்து, முகமும் தெளிகிறது. நல்ல மருந்து என்று அவரே மறுபடியும் வாங்குகிறார். மூன்றாவது வாரத்தில் சுரமும் வயிற்றுவலியும் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, மாத்திரையின் பேர் ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டர் எந்த நூலைப் பிடித்து உண்மையைக் கண்டுபிடிப்பார்? புழு கொடுத்த இழுப்புக்கு, புழுவை வளர்க்கும் மருந்தே கொடுக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பக்கத்தில், தூசியால் இருமலும் இழுப்பும் கொண்டவர் அநேகராகையால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2020-ஆம் வருஷத்தில் கொரோனா பரவியபோது இவ்விஷயம் உலகமறியச் சந்திக்கு வந்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில், மூச்சுத் திணறும் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெதசோன் உயிர் காக்கிறதென்று இங்கிலாந்தில் நடந்த பெரிய பரீக்ஷையில் தெரியவந்தது. எங்கும் அதைக் கொடுக்கலாயினர். சில மாதங்களுக்குள்ளேயே இத்தாலி, அமெரிக்கா முதலிய தேசங்களிலிருந்து, உஷ்ணப் பிரதேசங்களிற் பிறந்து அங்கே குடியேறியவர்களுக்குக் கொரோனா சிகிச்சையின்பின் நுண்புழு பெருகிய செய்திகள் வந்தன. புழு இருக்கக்கூடிய இடங்களில் பிறந்தவர்க்கு ஸ்டீராய்டு கொடுக்குமுன், சோதனை செய்யவேண்டும், அல்லது புழுவுக்குரிய மருந்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று அத்தேசத்து வைத்தியர்கள் அப்போது எழுதினார்கள். உஷ்ணப் பிரதேசத்திற் பிறந்து வந்தவனா என்று அவர்கள் நோயாளியைக் கேட்கவேண்டியிருக்கிறது. இங்கே கேட்கவே வேண்டியதில்லையே!

ஸ்டீராய்டு ஒன்றினால்தான் ஆபத்து என்பதில்லை. புற்றுநோய்க்காகக் கடும் மருந்து பெறுவோர், மாற்று உறுப்புப் பெற்றோர், மிகுந்த குடியினாலும் நெடுநாள் அரைவயிற்றுணவாலும் நலிந்தோர் ஆகியவர்க்கும் உண்டு. ஆனால் கிராமத்தில் கைக்கெட்டும் தூரத்திலுள்ளது ஸ்டீராய்டே. டாக்டரின் சீட்டில்லாமல் அதை விற்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் பல, நம் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பிலேயே நடைபெறுகின்றன. தெரிந்த அங்கத்தினர் வந்து கேட்கிறாரே என்று தாட்சணியத்தின் பேரில் இரண்டு மாத்திரையைக் கிள்ளிக் கொடுக்கும் வழக்கம் சங்கத்துக் கடையில் தலைகாட்டலாகாது. ஜாமீனில்லாமல் கடன் கொடுத்தால் சர்சார்ஜ் வரும் என்று பயப்படுகிற காரியதரிசிகள், சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதற்கும் அவ்வளவு பயப்படுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. என் பேச்சைக் கேட்டு, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டை வீட்டுக்குப் போனவுடன் நிறுத்திவிடாதீர்கள். பலநாள் உண்டு பழகியதைத் திடீரென்று நிறுத்தினால், அதுவே பிராணாபாயம். செய்யவேண்டியது, டாக்டரிடம் சென்று, ‘நான் வெறுங்காலோடு வயலில் வேலை செய்பவன், புழுவுக்குச் சோதனை செய்யவேண்டுமா?’ என்று கேட்பது ஒன்றே. ஸ்டீராய்டு புதிதாகத் தொடங்குமுன் கேட்பது இன்னும் உத்தமம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடுதேடி மருந்து கொண்டுவரும் ஊழியரிடமும், வீட்டில் யார் எந்த மாத்திரை உண்கிறார் என்பதை மறைக்காமற் சொல்லுங்கள்.

சோதனையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு நம் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து கூட்டங்கூட்டமாக ஜனங்கள் போன காலத்தில், கொக்கிப்புழுவை ஒழிக்க அமெரிக்காவின் ராக்பெல்லர் தர்மஸ்தாபனத்தார் முனைந்தனர். இலங்கையில் 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில் அவ்வேலை தொடங்கியது. அன்று முதல் இன்று வரை புழு இருக்கிறதா என்று பார்ப்போர் மலத்தில் முட்டையைத்தான் தேடுகிறார்கள். நுண்புழுவின் முட்டையோ குடலிலேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் முட்டை இராது. இளம்புழு இருக்கும், அதுவும் எல்லா நாளும் இராது. ஆகவே ஒருநாள் மலத்தைச் சோதித்து ‘இல்லை’ என்று வந்த காகிதத்தை நம்பிவிட முடியாது. தணிக்கைக்கு வருகிற தினத்தில் மட்டும் கையிருப்பு சரியாயிருக்கும் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பல நாள் மலத்தைச் சோதிப்பதும், வெந்நீரில் இளம்புழுவை நகரச்செய்து பிடிக்கும் முறையும், இரத்தச் சோதனையும் கூடியவரை உண்மையைக் காட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவையெல்லாம் கிடையா. 2022 முதல் அரியலூரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரைக் கேட்டால், எந்தச் சோதனை எங்கே கிடைக்கும் என்று சொல்லுவார்.

மருந்து விஷயத்தில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. 2015 முதல் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். கொக்கிப்புழுவுக்கும் நாக்குப்பூச்சிக்கும் அது மிக நல்ல மருந்து, தவறாமல் கொடுங்கள். ஆனால் அதன் ஒருவேளை மாத்திரை நுண்புழுவை ஒழிப்பதில்லை. இதற்குரியது ஐவர்மெக்டின். தேகத்தின் எடைக்குக் கிலோ ஒன்றுக்கு 200 மைக்ரோகிராம் வீதம், அறுபது கிலோ எடையுள்ளவருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம். சாதாரணத் தொற்றுக்கு ஒருவேளை மருந்தே பெரும்பாலும் போதுமென்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். புழு பெருகிய நிலையிலோ ஆஸ்பத்திரியிற் படுத்து நாள்தோறும் பெறவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் டாக்டர்கள் வழக்கமாக அதைக் கொடுப்பதில்லை. 2021-இல் கொரோனாவுக்கென்று நம் தேசத்தில் எத்தனையோ பேர் வாங்கி உண்டார்களே, அதே மருந்துதான். அந்த நோய்க்கு அது பயன்படவில்லை, இப்புழுவுக்கோ அதைப்போன்ற மருந்து வேறில்லை. அதன் பிறப்பும் மண்ணிலேயே. ஜப்பானில் ஒமுரா என்னும் விஞ்ஞானி ஒரு பிடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த கிருமியிலிருந்து அது உண்டாயிற்று. அதற்காக அவருக்கும் காம்ப்பெல் என்பவருக்கும் 2015-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2024-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தார், நுண்புழு நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறையாமல் காணப்படும் இடங்களில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை அம்மருந்தைக் கொடுக்கலாமென்று யோசனை கூறியிருக்கின்றனர். நம் ஜில்லாக்களிலும் சுகாதார இலாகாவினர் ஒரு கணக்கெடுத்தால், அவ்யோசனை இங்கே பொருந்துமா என்பது விளங்கும். அங்கத்தினர்கள் விரும்பினால், சங்கத்தின் தீர்மானமாகவே அதைக் கலெக்டருக்கு அனுப்பலாம்.

மண்ணிலிருந்து காலுக்கு வருவதைத் தடுக்கச் செருப்பு அணியுங்கள் என்று சொல்வது எளிது. நாற்று நடும் சேற்றில் செருப்பு நில்லாதென்பது சொல்லுகிறவனுக்கும் தெரியும். வாய்க்காற்கரை, வெங்காயப்பாத்தி, தோப்பு, கொல்லை இவ்விடங்களில் அணியலாம்; அணியவேண்டும். நடவுக்காலத்துக்குக் கக்கூஸே காப்பு. மலம் வயலுக்குப் போகாவிட்டால் புழுவும் போகாது. 2014-க்குப்பின் அரசாங்கத்தார் வீட்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கட்டவைத்த கக்கூஸ்களில் சில, விறகும் வைக்கோலும் உரமூட்டையும் அடுக்கும் அறைகளாக இருப்பதை வசூலுக்குப் போகும்போதெல்லாம் காண்கிறேன். தண்ணீர் வசதியில்லை என்பது சில இடங்களில் உண்மையே. அவ்விடங்களில் தொட்டிக்கும் குழாய்க்கும் சிறுகடன் பெறக்கூடுமா என்று சங்கத்தில் மனுச்செய்தால், அதை மேலே எழுதுவதற்கு நான் தயாராயிருக்கிறேன்.

பிரசங்கம் முடிந்தபின் சில கேள்விகள் கேட்கப்பட்டன.

வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், தாம் வயலில் இறங்கிப் பத்து வருஷமாயிற்றே, தமக்கும் சோதனை வேண்டுமோ என்றார். வயலை அவர் விட்டாலும், புழு அவரை விட்டிராதென்றும், சயாம் ரயில்பாதைச் சிப்பாய்களின் செய்தியைத் தாம் சொன்னது அதற்காகவே என்றும் பதில் கூறினேன்.

ஓர் அம்மாள், தன் பேரன் ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுத்த இழுப்பு மருந்தை உபயோகிப்பதாகவும், அதுவும் ஸ்டீராய்டு என்று பெட்டியில் எழுதியிருப்பதாகவும் பயந்து கேட்டார். இழுத்துக்கொள்ளும் மருந்து நுரையீரலுக்கு மட்டும் சிறிய அளவில் போவதாகையால், மாத்திரையையும் ஊசியையும் போன்ற அபாயம் அதில் இல்லையென்றும், அதை நிறுத்தினால் பையனுக்கு இழுப்பு மிகும் என்றும், அடுத்த முறை டாக்டரிடம் போகையில் மலச்சோதனை வேண்டுமா என்று மட்டும் கேட்கும்படியும் சொன்னேன்.

கடைசியாக ஓர் இளைஞர், மாட்டுக்கு உண்ணிக்காகப் போடும் ஐவர்மெக்டின் புட்டி தம் வீட்டில் பாதி மிச்சமிருப்பதாகவும், மருந்து ஒன்றேயாகையால் அதிலிருந்து அளந்து குடிக்கலாகாதோ என்றும் வினவினார். அது மாட்டின் எடைக்கும், தோலுக்கடியில் போடுவதற்குமாகச் செய்யப்பட்டது, மனிதர் குடிப்பதற்கன்று. அந்தப் புட்டியை மாட்டுக்கே வைத்துக்கொண்டு, தமக்கு வேண்டியதை டாக்டரின் சீட்டோடு வாங்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.